கத்திரிக்காய்ப் படத்தில் நான் வெட்டிய பாதி

கத்திரிக்காய்தான் முதலில் கண்ணில் பட்டது.

ஊதா நிறச் சாட்டின் துணிக்குள் தலையணைப் பஞ்சு. உச்சியில் பச்சைக் காம்பு வைத்த தொப்பி. அதற்குக் கீழே ஐந்து வயது முகம் ஒன்று, உலகத்தை மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவுக்கு ஆரஞ்சு நிறத் தொழிற்சாலைச் சட்டை, அகன்ற தோள், நெற்றியில் ஒட்டிக்கொண்ட ஈரமுடி. கிள்ளான் லிட்டில் இந்தியாவில், சேலைக் கடைகளுக்கு நடுவே, அந்தக் கத்திரிக்காயைச் சுமந்துகொண்டு அவர் என் பக்கமாக வந்தார்.

மழை அப்போதுதான் விட்டிருந்தது. சாலையில் தண்ணீர் ஏறி நின்றது. கடைக்காரர்கள் வாசலில் புகுந்ததைத் துடைப்பத்தால் வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஊதுவத்தி வாசனையும் நனைந்த அட்டைப்பெட்டி வாசனையும் சேர்ந்தே வந்தன.

அவருக்குப் பின்னால் ஒரு கடையின் பச்சைப் பெயர்ப்பலகை. ஊதா, ஆரஞ்சு, பச்சை. பிள்ளை உம்மென்று ராணி மாதிரி இருந்தாள். அப்பாவின் வாய் அகலமாய் விரிந்து பல் அத்தனையும் தெரிந்தது.

அழுத்தினேன். ஒரே ஒரு தடவை.

கேஸை அணைத்தேனா என்று மூன்று முறை திரும்பிப் போய்ப் பார்க்கிறவள் நான். மகளுக்குக் கொடுத்த மருந்து இரண்டரை மில்லியா, மூன்றா என்று குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஷட்டர் விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகம் வராது. நல்ல படம் விழுந்தால் விரலுக்கே தெரியும். அன்று தெரிந்தது.

அவர் பக்கத்தில் வந்ததும் கேமராவின் பின்திரையைத் திருப்பிக் காட்டினேன். படம் எடுத்துவிட்டேன் அண்ணே, பரவாயில்லையா என்று கேட்டேன். ஓரக்கண்ணால் பார்த்தார். "ஓகே லா" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனார். கத்திரிக்காய் மட்டும் திரும்பி, தெருமுனை வரை என்னைப் பார்த்துக்கொண்டே போனது.

இரண்டு மீட்டர் தூரம்

குழந்தை பிறந்தபின் ஆய்வக வேலையை விட்டதையும், யாரோ பயன்படுத்திய சின்னக் கேமரா ஒன்றை வாங்கியதையும் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகி ஒருவர், தெருவில் போகிறவர்களை எதற்கு எடுக்க வேண்டும், பூக்களை எடுக்கக் கூடாதா என்று கேட்டிருக்கிறார். மேருவில் இருக்கும் என் மாமியாரும் இதையேதான் கேட்கிறார். கொஞ்சம் காரம் கூடுதலாக.

பூ அங்கேயே இருக்கும். நாளைக்குக்கூட எடுக்கலாம். தெருவில் ஒருவர் கொட்டாவி விடும்போது பின்னால் இருக்கும் விளம்பரப் பெண்ணும் வாயைத் திறந்திருப்பாள். அது அரை நொடிதான் இருக்கும். அந்த அரை நொடிக்கு முன்பே நான் அங்கே நின்றாக வேண்டும்.

அதனால் கேமராவின் ஃபோகஸை வீட்டிலேயே இரண்டு மீட்டரில் நிறுத்திவிடுவேன். என் பத்து மாத மகள் யாழினியின் ஸ்ட்ரோலருக்கு முன்னால் ஒருவர் வழிவிட்டு நிற்கும் தூரம் அது. அந்தத் தூரத்துக்கு ஆள் வந்தால் அழுத்த வேண்டியதுதான், வேறு வேலை இல்லை. ஸ்ட்ரோலர் தள்ளும் பெண்ணை யாரும் சந்தேகப்படுவதும் இல்லை. நீளமான லென்ஸ் மாட்டிய ஆண்களைக் காவலாளிகள் துரத்துவதைப் பார்த்திருக்கிறேன். என்னிடம் வந்தவர் ஒருவர் பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் பயமும் எனக்கு உதவுகிறது. எந்தச் சந்திலிருந்து மோட்டார் வரும், யார் கையிலிருக்கும் தே தாரேக் டீ யார் மேல் சாயும் என்று நாள் முழுக்க யோசிக்கிற தலை இது. நடக்கப் போவதை முன்கூட்டியே பார்த்துப் பார்த்துப் பழகிய கண். தாயாவதற்கு முன் இந்தக் கண் எனக்கு இல்லை.

சில விதிகளையும் வைத்திருக்கிறேன். எடுத்தபின் திரையைக் காட்ட வேண்டும். வேண்டாம் என்றால் அவர் முன்னாலேயே அழிக்க வேண்டும். அழுகிறவரை எடுக்கக் கூடாது. கேமராவைப் பார்க்க முடியாதவரையும் எடுக்கக் கூடாது.

கடைசி விதி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பிறந்தது. அங்கே வெள்ளைக் கோலுடன் நடக்கும் பார்வையற்றவர்கள் நிறைய. ஒருநாள் அவர்களுக்கு வழிகாட்ட நடைபாதையில் பதித்திருக்கும் மஞ்சள் கட்டைகளின் வரிசையை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கோலின் நுனி படத்துக்குள் வந்துவிட்டது. கோலுக்குரியவர் அப்படியே நின்றார். மன்னிச்சிருங்கண்ணே என்றேன்.

"க்ளிக் கேட்டுச்சு தங்கச்சி. மூஞ்சி ஒழுங்கா வந்துச்சா?"

முகம் வரவில்லை, கோல் மட்டும்தான் என்றேன்.

"அப்போ போச்சு. கோலை மட்டும் பாக்கறவன் பாவம்னு சொல்லிட்டுப் போயிருவான். நான் இன்னிக்கி புதுச் சட்டை வேற போட்டிருக்கேன்."

இருவரும் சிரித்தோம். நல்ல வேடிக்கை என்று நினைத்து அதை மறந்தும்விட்டேன்.

சதுரம்

யாழினி மத்தியானம் தூங்கும் ஒன்றரை மணி நேரம்தான் என் கணினி நேரம். கத்திரிக்காய்ப் படத்தைத் திறந்தேன். நெட்டுக்குத்தாக எடுத்த படம். அதன் கீழ்ப்பாதியை வெட்டிச் சதுரமாக்கினேன். சாலையும் தண்ணீரும் போயின. மழைத்தண்ணீர்ப் படம் யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது அப்பாவின் மார்புக்கு மேலே, அந்தப் பல்வரிசை, அதற்கு மேலே கத்திரிக்காய். அவ்வளவுதான். கத்தி மாதிரி இருந்தது படம்.

சில வாரம் கழித்து, பெண்கள் எடுத்த தெருப்படங்களுக்கு ஒரு சின்னக் கண்காட்சி பிரிக்பீல்ட்ஸில் ஏற்பாடானது. ஒரு பழைய கடைவீட்டின் மாடியில், இரண்டு வாரத்துக்கு. ஏற்பாடு செய்த மெலிசா என் படத்தைப் பார்த்ததும் வேறு பேச்சே பேசவில்லை. இதுதான் போஸ்டர் என்றாள்.

ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். மற்றவர்கள் ஊர்ப் பெயர் மட்டும் எழுதினார்கள். நான் கிருமி வளர்க்கும் தட்டுகளுக்குச் சீட்டு எழுதிப் பழகியவள். தேதி இல்லாத தட்டு குப்பைக்குப் போகும். அதனால் ஊர், தேதி, கிழமை, நேரம் எல்லாம் எழுதினேன். செவ்வாய், காலை பதினொன்று. மேலே ஒரு தலைப்பும் வைத்தேன்: 'லீவு நாள்'.

திறப்பு நாளில் அந்தப் படத்தின் முன்னால்தான் கூட்டம். என்ன ஒரு சிரிப்பு, இப்படி ஒரு அப்பா கிடைக்க வேண்டுமே என்று பேசிக்கொண்டார்கள். நான் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அடக்கமாக இருப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வது சிரமமாக இருந்தது.

மாடிக்கு வந்த ஆரஞ்சுச் சட்டை

படம் வைத்தவர்கள் முறைபோட்டு மாடியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது வாரம் என் முறை. மத்தியான நேரம், ஆள் இல்லை. யாழினி ஸ்ட்ரோலரில் தூங்கிக்கொண்டிருந்தாள். மரப்படியில் கனமான காலடி கேட்டது. முதலில் ஆரஞ்சு நிறம் வந்தது, பிறகு அவர் வந்தார்.

எனக்கு ஒரே சந்தோஷம். எழுந்து போய், அண்ணே, உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், ஒரு பிரதி தரலாம் என்று, என்றேன். அவர் நேராகத் தன் படத்தின் முன்னால் போய் நின்றார். சுவரில் இருந்தவருக்குப் பல் தெரிந்தது. நின்றவருக்கு வாய் மூடியிருந்தது.

"நீங்க எடுத்ததா?"

"ஆமாண்ணே."

"நல்லா இருக்கு" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். "ஆனா இதுல என் வேலை போவுது."

அது தொழிற்சாலை கொடுத்த ஷோ காஸ் கடிதம். உடம்பு சரியில்லை என்று டாக்டரிடம் எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டு, வாங்கிய நாளில் அவர் ஊர் சுற்றியிருக்கிறார், ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். தேதியைப் பார்த்தேன். நான் சீட்டில் எழுதிய அதே தேதி.

அவர் பெயர் குணா. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறார். கூட வேலை செய்யும் யாரோ எங்கள் போஸ்டரைப் போனில் பார்த்து, நம்ம குணாதானே இது என்று வேடிக்கையாக வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். கண்காட்சிக்கு வந்த இன்னொருவர் சீட்டையும் சேர்த்துப் படம் பிடித்துப் போட்டார். சாயங்காலத்துக்குள் அது ஆபீஸுக்குப் போய்விட்டது.

அன்று காலை வேலையில் ஏறியதும் வயிற்றைப் பிசைந்ததாம். கிள்ளானில் இருக்கும் கம்பெனி கிளினிக்குக்கு வந்து எம்சி வாங்கி வெளியே வரும்போது பாலர் பள்ளியிலிருந்து டீச்சரின் போன். மாறுவேடப் போட்டியைப் பாதியில் நிறுத்திவிட்டோம், தண்ணீர் உள்ளே வருகிறது, பிள்ளையைக் கூட்டிப் போங்கள் என்று. மனைவி மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் இருக்கிறார், நடுவில் வர முடியாது. மோட்டாரைக் கிளினிக் வாசலிலேயே விட்டுவிட்டு இவர் நடந்து போய்ப் பிள்ளையைத் தூக்கி வந்திருக்கிறார்.

"வயிறு நெஜமாவே வலிச்சுச்சு தங்கச்சி."

நான் சுவரைப் பார்த்தேன். வயிற்று வலிக்காரர் இப்படியா சிரிப்பார் என்று நினைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும். எதிரில் நின்றவரை விட நான் எடுத்த படத்தைத்தான் அன்று நம்பினேன்.

அவருக்கும் அது புரிந்திருக்கும். "எச்.ஆர்.லயும் இதையேதான் கேட்டாங்க. போனைக் காட்டி, இந்த மூஞ்சிக்கா எம்சி, மேல லீவு நாள்னு வேற எழுதியிருக்குன்னு. எனக்கே அது சிரிக்கிற மாதிரிதான் இருக்கு."

பிறகு வந்த காரியத்தைச் சொன்னார். வெள்ளிக்கிழமை என்கொயரி. அதற்குள் நான் ஒரு கடிதம் தர வேண்டும். சீட்டில் தேதியைத் தவறாக எழுதிவிட்டேன், அந்தப் படம் ஞாயிற்றுக்கிழமை எடுத்தது என்று.

ஞாயிற்றுக்கிழமை எதற்கு வேலைச் சட்டை என்று கேட்டேன்.

"ஓவர்டைம் முடிச்சுட்டு வந்தேன்னு சொல்லிக்கிறேன்."

"கத்திரிக்காய்?"

"பர்த்டே பார்ட்டி." எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். "பதினோரு வருஷம் தங்கச்சி. இந்த வயசுல வேற எங்க போய் நிப்பேன்?"

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அவர் தாளை மடித்துப் பையில் வைத்தார். போகும்போது ஸ்ட்ரோலரின் பக்கம் குனிந்து, தூங்கும் யாழினியைப் பார்த்தார்.

"அன்னிக்கி தண்ணிக்குள்ள வண்டியோட நின்னது இந்தப் பிள்ளதானே. எனக்கு மட்டும் வலி இல்லாம இருந்திருந்தா உங்கள நல்லாத் திட்டியிருப்பேன்."

முழுப் படம்

அவர் சொன்னது உண்மை.

அன்று மழை தொடங்கியபோது நான் காக்கி லீமாவில், கடைகளின் முன்னால் ஓடும் கூரைக்குக் கீழே, பத்திரமாகத்தான் நின்றிருந்தேன். கத்திரிக்காய் வருவதைப் பார்த்ததும் தூண் மறைத்தது. படியில்லாத சரிவு ஒன்று பக்கத்தில் இருந்தது. ஸ்ட்ரோலரை அதில் இறக்கிச் சாலைக்கு வந்தேன். தண்ணீருக்குள் வந்தேன். கேமராவைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். அதனால் ஸ்ட்ரோலரை விட்டேன். ஐந்து நொடி இருக்கும். அதற்குள் யாழினியின் வலது கால் நழுவித் தொங்கித் தண்ணீரைத் தொட்டது. ஒரு சாக்ஸ் போய்விட்டது.

சேலைக் கடையின் கழிவறையில் வைத்து அந்தக் காலைப் பாட்டில் தண்ணீரால் நான்கு தடவை கழுவினேன். வெள்ளத் தண்ணீரில் எலி மூத்திரம் இருக்கும், அதில் காய்ச்சல் வரும் என்று படித்தவளுக்குத் தெரியாதா. இரண்டு வாரம் காலையும் மாலையும் யாருக்கும் தெரியாமல் அவளுக்கு வெப்பமானி வைத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. என் கணவர் சுரேனிடமும் அவர் அம்மாவான அத்தையிடமும் மழை முடியும் வரை சேலைக் கடைக்குள்ளேயே இருந்தேன் என்று சொன்னேன். சாக்ஸை வாஷிங் மெஷின் தின்றுவிட்டது என்றேன். கேமராவும் கையுமாகப் பிள்ளையைத் தெருவில் இழுத்துக்கொண்டு திரிந்தால் ஒருநாள் ஏதாவது ஆகும் என்று அத்தை சொல்லாத வாரம் இல்லை. அவர் சொன்னது சரி என்று நானே எப்படி நிரூபிப்பது?

மழைத்தண்ணீர்ப் படம் யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள் என்று சொன்னேன் அல்லவா. அது பொய். கீழ் வலது மூலையில் என் மகளின் கால் இருந்தது. அதனால்தான் வெட்டினேன்.

மறுநாள் மத்தியானம் யாழினி தூங்கியதும் மூலப் படத்தைத் திறந்தேன். கண் நேராக அந்த மூலைக்குத்தான் போனது. ஸ்ட்ரோலரின் சக்கரம் பாதி தண்ணீரில். கலங்கலாக ஒரு சின்னப் பாதம். அதற்கு ஒரு முழம் தள்ளி, மஞ்சள் சாக்ஸ் மிதந்துகொண்டிருந்தது. பிறகுதான் படத்தின் நடுவே போனேன்.

குணா அண்ணனின் வலது கை மேலே பிள்ளையின் கணுக்காலைப் பிடித்திருந்தது. இடது கையை நான் அதுவரை பார்த்ததே இல்லை. அது அவர் வயிற்றில் இருந்தது. ஐந்து விரலும் சட்டைத் துணிக்குள் புதைந்து, விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. கட்டைவிரலில் கிளினிக் தரும் வெள்ளை மருந்துப் பை தொங்கியது. கணுக்காலுக்கு மேல் தண்ணீர். ஒரு பக்கமாக வளைந்த உடம்பு.

திரையின் கீழ்ப்பாதியை உள்ளங்கையால் மறைத்தேன். அவர் சிரித்தார். கையை எடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு வலியில் நடந்து வந்தார். மறுபடியும் மறைத்தேன். சிரித்தார்.

நான்கைந்து தடவை இப்படிச் செய்திருப்பேன். தட்டின் மேல் தேதியைச் சரியாக எழுதிவிட்டு, தட்டில் வளர்ந்ததில் பாதியைத் துடைத்துப் போட்டிருக்கிறேன். அதோடு நில்லாமல் 'லீவு நாள்' என்று பெயரும் வைத்திருக்கிறேன்.

என் தவறைத் தேடிப் போன கண்ணுக்கு அவர் கை தெரியவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

ஒரு குறுக்கு வழியும் இருந்தது. மருந்துப் பைக்குக் கீழே, யாழினியின் காலுக்கு மேலே, ஒரு விரல் அகலம் இடம் இருந்தது. அங்கே வெட்டினால் அவர் பிழைப்பார், நானும் பிழைப்பேன். வெட்டியும் பார்த்தேன். ஆனால் ஏற்கெனவே ஒரு தடவை வெட்டிக் காட்டியவள் இன்னொரு வெட்டிய படத்தைக் கொண்டுபோனால் அந்த ஆபீஸில் யார் நம்புவார்கள்? மீதியில் என்ன இருக்கிறது என்றுதானே முதலில் கேட்பார்கள்.

குணா அண்ணனுக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை என்று எழுத மாட்டேன் என்றேன். அவசரமாக மீதியையும் சொல்லி, முழுப் படத்தை அனுப்பினேன். பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டார்.

"கையை அங்கயா வெச்சிருந்தேன்? எனக்கே தெரியாது தங்கச்சி."

கடிதம் ஐந்து வரிதான் வந்தது. எடுத்த நாள், நேரம். எடுத்த படத்தின் முழு வடிவம் இது. கண்காட்சிக்காகக் கீழ்ப்பகுதியை வெட்டியது நான். தலைப்பு வைத்ததும் நான். இந்த இரண்டையும் அவரிடம் கேட்டுச் செய்யவில்லை. கையெழுத்துப் போட்டு, படத்தைப் பெரிதாக அச்செடுத்து, இரண்டையும் வியாழக்கிழமை அவர் வீட்டு வாசலில் கொடுத்தேன். கத்திரிக்காய்ப் பெண் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். சாதாரண கவுனில் அவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்கப் போனைப் பார்த்தபடியே இருந்தேன். யாழினிக்கு ஒரே கஞ்சியை இரண்டு தடவை சூடாக்கினேன். ஐந்து மணிக்கு மேல் போன் வந்தது.

"வேலை இருக்கு" என்றார். வார்னிங் லெட்டர் ஒன்று மட்டும் கொடுத்திருக்கிறார்கள். "எம்சி வாங்குனா நேரா வீட்டுக்குத்தான் போவணுமாம். பிள்ளைய நீந்தி வரச் சொல்லணும் போல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கத்தான் தெரியும். பார்த்ததில்லை.

கீழ் வலது மூலை

அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. சதுரப் படம் கண்காட்சி முடியும் வரை சுவரில் இருந்திருக்கலாம். மெலிசாவும் அதைத்தான் சொன்னாள். சதுரம்தான் வலுவான படம், முழுப் படத்தில் கண் நான்கு பக்கமும் ஓடுகிறது என்றாள்.

அவள் சொன்னது சரிதான். இன்றைக்குக் கேட்டாலும் சதுரம்தான் நல்ல வடிவம் என்பேன். வடிவம் பற்றி எனக்கு அப்போதும் சந்தேகம் இல்லை, இப்போதும் இல்லை. ஆனாலும் அதைக் கழற்றிவிட்டு நெட்டுக்குத்துப் படத்தை மாட்டினேன். சீட்டில் தேதியும் நேரமும் அப்படியே. தலைப்பை எடுத்துவிட்டேன்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை சுரேன் அத்தையை மேருவிலிருந்து கூட்டி வந்தார். காரிலேயே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். பிரிக்பீல்ட்ஸில் ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்த இடம் கிடைக்காது என்பதைப் பற்றி வழி முழுக்கப் பேசினேன்.

அத்தை ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் படத்தின் முன்னால் நின்றார். அவராகவே, "அய்யோ பாவம், இந்தத் தம்பிக்கு வயிறு வலிக்குது. இதுல பிள்ளைய வேற தூக்கிட்டு வருதே" என்றார்.

சதுரப் படத்தின் முன்னால் அத்தனை பேர் நின்றார்கள். ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை.

சுரேன் குனிந்தார். முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு கீழ் வலது மூலையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வாஷிங் மெஷின்னு சொன்னே" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"ஆமா."

அங்கே என்னடா என்று அத்தை கேட்டார். ஒன்றுமில்லை அம்மா, வெறும் தண்ணி என்று சொல்லிக்கொண்டே சுரேன் ஓரடி நகர்ந்தார். அந்த மூலை அவர் காலுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. அவர் வேண்டுமென்றேதான் நின்றார், எனக்காக. அப்படியே விட்டிருக்கலாம். படம் மறுபடியும் அழகாக, யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்தது.

"நகருங்க. அத்தை பாக்கட்டும்" என்றேன்.

அவர் நகர்ந்தார். அத்தை கைப்பையைத் திறந்து, கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"இது நான் பாசார் மாலாம்ல வாங்கிக் குடுத்த சாக்ஸ்" என்றார்.

"ஆமா அத்தை. அன்னிக்கி நான் கடைக்குள்ள இல்ல."